பாட்டில் அனுப்பிவைத்த பெரியவர்

விஞ்ஞானிகளில், ஜெர்மன் மூளை ஆய்வாளர் ஜூலியஸ் ஹாலர்வோர்டனைப் போலச் சிக்கனமான மனிதரைப் பார்க்க முடியாது. எதையும் வீணாக்கப் பொறுக்காத மனசு. மனநோயாளிகளையும் ஊனமுற்ற குழந்தைகளையும் நாஜி அரசு கொல்லப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வந்த முதல் கவலை, அத்தனை மூளையும் வீணாகச் சாம்பலாகிவிடுமே என்பதுதான்.

நான் கட்டி எழுதவில்லை. 1945-ல் லியோ அலெக்சாண்டர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரிடம் அவரே சொன்னது. எப்படியும் கொல்லப்போகிறீர்கள், மூளையையாவது எடுத்துக்கொடுங்கள் என்று கேட்டாராம். எத்தனை வேண்டும் என்றார்களாம். எத்தனை வந்தாலும் சரி என்றாராம். மூளை கெடாமல் ஊறவைக்கத் திரவம், பாட்டில், பெட்டி எல்லாம் தாமே அனுப்பிவைத்தார். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் தம் வேலை இல்லை என்று விளக்கமும் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுத்தவர்கூட இத்தனை நிதானமாகப் பேச மாட்டார்.

கொலை வேலை எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டிலிருந்து நடந்ததால் அதற்கு டி4 என்று பெயர். விடுதிகளிலிருந்து படிவங்கள் வரும். நிபுணர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. படிவத்தைப் பார்ப்பார்கள், பென்சில் எடுப்பார்கள். சிவப்பில் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். பிறகு சாம்பல் நிறப் பேருந்து வரும். வீட்டுக்கு இரங்கல் கடிதம் போகும், பொய்க் காரணத்தோடு. எப்போதோ குடல்வால் அறுத்தெடுக்கப்பட்டவர் குடல்வால் அழற்சியில் இறந்ததாகவும் கடிதம் போனது. இப்படி 1940, 41 இரண்டே ஆண்டுகளில் 70,000 பேருக்கு மேல் விஷவாயுவில் கொன்றார்கள். 1940 அக்டோபரில் கோர்டன் விடுதிப் பிள்ளைகளைக் கொன்றபோது ஹாலர்வோர்டன் பிராண்டன்பர்க் கொலைக்களத்துக்கே நேரில் போனார் என்று வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சரக்கு வாங்குகிறவர் நேரில் போய்ப் பார்ப்பது நல்ல வியாபார வழக்கம்தானே.

இந்தப் பெரியவரின் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. மூளையின் அடியில் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும் அரிய நோய். பெரும்பாலும் ஆறு வயதுக்குள் தொடங்கிவிடும். ஓடி விளையாடிய பிள்ளை தடுக்கித் தடுக்கி விழும். பாதம் முறுக்கிக்கொள்ளும், பேச்சு குழறும். தாடை இறுகித் தன் நாக்கைத் தானே கடித்து ரத்தம் வரவழைத்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. 1922-ல் ஹாலர்வோர்டனும் ஹூகோ ஸ்பாட்ஸும் ஒரே குடும்பத்தின் ஐந்து சகோதரிகளிடம் கண்டு இதை விவரித்தார்கள். அந்த வேலையில் நமக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ஐந்து பெண்களும் இருபது ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால், நடக்க முடியாத, பேச முடியாத அவர்களுக்கு எந்த நிறப் பென்சில் கிடைத்திருக்கும்? அப்புறம் எந்த மேசைக்கு வந்து சேர்ந்திருப்பார்கள்?

போர் முடிந்தது. ஹாலர்வோர்டன் எந்த நீதிமன்றக் கூண்டிலும் ஏறவில்லை. 1937 முதல் அவர்களுடைய மூளை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஸ்பாட்ஸும் ஏறவில்லை. கைசர் வில்ஹெல்ம் என்ற பலகையைக் கழற்றி மாக்ஸ் பிளாங்க் என்று மாட்டினார்கள். உள்ளே அதே நாற்காலி, அதே ஆட்கள், அதே பாட்டில்கள். 1953-ல் லிஸ்பன் நரம்பியல் மாநாட்டில் இவரோடு உட்கார மாட்டோம் என்று டச்சு மருத்துவர்கள் சொன்னபோது, இதென்ன பண்பில்லாத பேச்சு என்று முகம் சுளித்த கனவான்களும் இருந்தார்கள். ஹாலர்வோர்டன் 1965-ல் மரியாதையாகச் செத்தார். கொல்லப்பட்டவர்களின் மூளைத் துண்டுகளுக்கு மண் கிடைக்க 1990 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் மியூனிக் இடுகாட்டில் புதைத்தார்கள். எல்லாவற்றையும் புதைத்தாயிற்று என்று பார்த்தால், 2015-ல் ஆவணக் காப்பகத்தில் மிச்சம் அகப்பட்டது.

அதே 1990-ல் உலக சுகாதாரப் பேரவை ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஜி23.0 என்ற எண்ணுக்கு நேரே ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் நோய் என்றே இருக்கிறது. ஒரு பக்கம் மண்வெட்டி, இன்னொரு பக்கம் மகுடம்.

2001-ல் இந்நோய்க்குக் காரணமான பாங்க்2 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பி5 வைட்டமினைச் செல் பயன்படுத்தும் வழியில் பழுது என்று புரிந்தது. பி.கே.ஏ.என். என்று பெயரும் வந்தது. இனிப் பழைய பெயரைத் தூக்கியெறிய ஒரு தடையும் இல்லை. ஆனாலும் பழகிவிட்டதாம். ஒரு மாத்திரை உறையின் நிறத்தை ஒரே இரவில் மாற்றத் தெரிந்த துறைக்கு, இரண்டு பெயரை அழிக்க நாக்கு வளையவில்லையாம்.

அமெரிக்காவில் பெற்றோர்கள் காத்திருக்கவில்லை. ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் பெயரில் இருந்த தங்கள் சங்கத்தின் பெயரை அவர்களே மாற்றிக்கொண்டார்கள். மாற்றி என்ன? பிள்ளைக்குச் சக்கர நாற்காலி கேட்டுக் காப்பீட்டுக்கு எழுதும்போது, பணம் பெயர வேண்டுமானால் நோய்க் குறியீட்டை நிரப்பியாக வேண்டும். அந்தக் குறியீட்டுக்கு நேரே இன்றைக்கும் பாட்டில் அனுப்பியவரின் பெயர் அச்சாகியிருக்கிறது.