எட்டு ஒன்பதான கதை

வா மாப்ளே, 1939ஆம் வருசத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் வாங்கிட்டியாமே? அதுவும் சந்தையில, பாதி விலைக்கு! வித்தவனுக்கு உன்மேல அம்புட்டுப் பாசமான்னு ஊரே மூக்குல விரல் வைக்குது.

தராசுல போட்டியா? 11.66 கிராம், அதாவது ஒரு தோலா, அச்சு அசலா நிக்கும். காந்தம் காட்டினா ஒட்டாது. சுண்டினா கிணீர்னு பாடும். உரைகல்லுல தேய்ச்சாலும் 12 பங்குல 11 பங்கு வெள்ளிதான். எல்லாத்துலயும் பாஸ்! ஏன்னா ரூபாய் நல்ல ரூபாய்தான், பம்பாய் நாணயச்சாலை அடிச்சது. வருசம் மட்டும்தான் புதுசு.

1940லருந்து சர்க்கார் ரூபாயில வெள்ளியைப் பாதியாக் குறைச்சிருச்சு. பழைய தரத்துக்குக் கடைசி 39தான், இப்ப தேடினாலும் சிக்காது. 1938 அப்படியில்ல, கேட்டா கிடைக்கும். விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அப்புறம் என்ன? 8ஓட கீழ்ச்சுழியில இடப்பக்கத்தைச் செதுக்கினா 9 ஆச்சு.

லென்ஸ் வச்சிருக்கியா? காசை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடி. அச்சுல அடிச்ச காசுன்னா எண்ணைச் சுத்தித் தளம் ஒரே சீரா மினுங்கும். செதுக்கின இடம் லேசாக் குழிஞ்சு பொடிக்கீறலாத் தெரியும். கீறல் தெரியக்கூடாதுன்னு முழுக்காசையும் பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கியிருந்தா, இன்னும் உஷாரு! இன்னொண்ணு, 1939ல 9 ரெண்டு இருக்குல்ல? பின்னால நிக்கிறவன் உன் கூடப்பொறந்தவன்தானான்னு முன்னால நிக்கிறவனையே கேளு. சாடை ஒத்துவரலைன்னா விசயம் வெளிய வந்துரும்.

நல்லவேளை, நீ உங்க பெரியப்பா மாதிரி ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனிக் காசை வாங்கலை. அரிசியை இழுக்கும்னு சொல்லித் தலையில கட்டிட்டான். கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே கிடையாது. மனுசன் இன்னும் அதை அரிசிப் பானைக்குள்ளதான் வச்சிருக்காரு. ரேசன் அரிசியைக்கூட இழுக்கக் காணோம்.

அடுத்த சந்தைக்குப் போனா அந்த ஆளுகிட்ட 1938 ரூபாய் ஒண்ணு இருக்கான்னு கேட்டுப் பாரு. "அய்யோ, இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சுங்களே"ம்பான்.