ரோல்காரர்

செல்போனில் மூன்று கேமரா இருக்க, கழுத்தில் நான்காவதாக ஒரு பென்டாக்ஸ் கே1000 தொங்கினால், அவர்தான் ரோல்காரர். 1976இல் வந்து 1997 வரை ஓடிய ஃபிலிம் கேமரா மாடல். "பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் மெக்கானிக்கல்" என்பார், பல்சக்கரங்களைத் தானே உட்கார்ந்து ராவியதுபோல. ஷட்டர் சத்தத்தை நம் காதருகே தட்டிக் காட்டுவார். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

36 படம் முடியும்வரை ரோல்காரர் ஞானி. "ஒவ்வொரு படத்துக்கும் யோசிக்கணும்" என்று டீ கிளாஸையே கால்மணி நேரம் குறிபார்ப்பார். வில்லங்கம் 37இல் ஆரம்பிக்கும். "இன்னொண்ணு வரும்" என்று ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுப்பார். அது முரண்டு பிடிக்கும். இவரும் பிடிப்பார்.

ரோல் முடிந்தால் செய்யவேண்டியது சின்ன வேலை. அடியில் இருக்கும் குட்டிப் பொத்தானை அமுக்கினால் பல்சக்கரம் பிடியை விடும். இடப்பக்கக் குமிழில் மடிந்திருக்கும் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றினால் ஃபிலிம் டப்பாவுக்குள் திரும்பிவிடும். அதே குமிழை மேலே இழுத்தாலோ பின்கதவு திறந்துகொள்ளும். காப்பதும் அழிப்பதும் ஒரே குமிழ். இதை வடிவமைத்த ஜப்பானியர் ரோல்காரரைச் சந்தித்ததில்லை.

கைப்பிடி இறுகினால் அவருக்கு ஒரு பயம். லேசாகச் சுற்றினால் அதைவிடப் பெரிய பயம். உடனே பழைய கேமரா மெக்கானிக்குக்கு போன்.

"அண்ணே, சும்மா சுத்துதுண்ணே."

"பொத்தானை அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன்."

"கடைசியில லீவரை இழுத்தீங்களா?"

மௌனம்.

"தம்பி, ஃபிலிம் வால் உள்ள ஒரு துண்டு டேப்லதான் ஒட்டியிருக்கும். அது பிஞ்சிருச்சு. மொத்த ஃபிலிமும் அந்தப் பக்கம் போய்ச் சுருண்டுக்கிச்சு. நீங்க காலி உருளையைச் சுத்திக்கிட்டு இருக்கீங்க. திறந்துகிறந்து பாத்துராதீங்க."

"லேசாத் திறந்து பாத்தேண்ணே."

இந்த 'லேசா' இல்லாத ரோல்காரரே கிடையாது. வெளிச்சத்துக்கு லேசும் தெரியாது, கனமும் தெரியாது. மேல்சுற்றில் இருந்த படங்கள் போயே போச்சு. அடிச்சுற்றில் கொஞ்சம் தப்பியிருக்கலாம்.

இந்த வேலைக்கென்றே கைவிட்டுக்கொள்ளும் கறுப்புப் பை உண்டு. ரோல்காரரிடம் மூன்று லென்ஸ் இருக்கும், தோல் வார் இருக்கும், அது மட்டும் இருக்காது. ராத்திரி பத்து மணிக்குக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கும்மிருட்டில் ஒன்றரை மீட்டர் ஃபிலிமை விரலால் தடவித்தடவிச் சுருட்டுவார். வெளியே அம்மாவின் குரல்.

"டேய், உள்ள என்னடா பண்றே? அந்த முறுக்குச் சம்படம் எங்கே?"

"லைட்டைப் போட்டுராதம்மா!"

கறுப்புத் துணியில் சுற்றிச் சம்படத்துக்குள் அடைத்த ஃபிலிம் மறுநாள் லேபுக்குப் போகும். கழுவி வந்ததில் தேறுவது ஏழெட்டுப் படம். அதில் நாலு அந்த டீ கிளாஸ். ஒன்றில் வெளிச்சம் புகுந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. பதற மாட்டார். "இந்த எஃபெக்ட் டிஜிட்டல்ல வருமா?" என்பார்.

அப்புறம் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து, ஆப்பில் நிறத்தைத் திருப்பிப்போட்டு, ஊருக்கெல்லாம் அனுப்புவார். கீழே ஒரு வரி: 'அசல் ஃபிலிம். டிஜிட்டல் கைபடாதது.'