குரூப் போட்டோ பெரியப்பா

கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து ஆண்கள் ஜமக்காளத்தில் சாயும் நேரம் பார்த்து வருவார். கக்கத்தில் துணிப்பை, உள்ளே செய்தித்தாள் சுற்றி, சட்டம் போட்ட ஒரு பழைய படம். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டு. வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "இதுல உங்க தாத்தா யாரு, சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்தாரானால் காபி வரும்வரை விடமாட்டார்.

நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்கிறவர்கள், தரையில் சம்மணமிட்ட பிள்ளைகள். எல்லாருக்கும் பின்னால் தூணும் ஏரியும் வரைந்த ஸ்டூடியோ திரை. பெரியப்பாவுக்கு அது திரையல்ல, நம் பூர்வீக வீட்டின் முன்கட்டு. அப்படியானால் ஏரி?

"வித்துட்டோம்."

நடுவில் கோட்டுப் போட்டவர் கொள்ளுத்தாத்தா. கோட்டு லண்டனில் தைத்ததாம். படம் எடுக்க வருகிறவர்களுக்கு மாட்டிவிட ஸ்டூடியோக்காரர்களே கோட்டு வைத்திருந்த காலம் அது. மூன்றாவது பித்தான் இல்லாத அதே கோட்டு சம்பந்தி வீட்டுப் படத்திலும் வேறொரு தாத்தாமேல் இருப்பதை ஒரு பொடியன் கண்டுபிடித்துவிட்டான். பெரியப்பா அசரவில்லை. "அவங்களுக்கு இரவல் குடுத்ததே நாமதானடா!"

கொள்ளுத்தாத்தா 1920-இல் 'ரஜூலா' கப்பலேறி ரங்கூன் போனாராம். ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல். அது நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அசாம் வழியாக நடந்தே ஊர் திரும்பினார் என்பார். அப்படி நடந்து வந்தவர்கள் ஏராளம், வழியிலேயே மாண்டவர்களும் ஏராளம் என்பதால் இந்த இடத்தில் மட்டும் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அந்த மரியாதையைப் பயன்படுத்திக்கொண்டு, பெரியப்பா கொள்ளுத்தாத்தாவின் மடியில் இரண்டு தங்கக்கட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுவார்.

கீழ்வரிசை ஓரத்தில் ஒரு குழந்தைக்கு முகமே இல்லை, வெறும் புகை. லென்ஸ் மூடியைக் கழற்றி மறுபடி மூடுகிறவரை ஆடாமல் இருக்க வேண்டும், பிள்ளை ஆடிவிட்டது. பிற்காலத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்ட பங்காளி அதுதான் என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். "அப்பவே முகம் குடுக்காதவன்!"

பெண்கள் வரிசைக்கு வந்ததும் விரல் ஓட்டமெடுக்கும். "இது இவரு சம்சாரம், இது அவரு சம்சாரம், இது... நம்ம அத்தைதான்." பெயர் கேட்டால் இருமல் வந்துவிடும். உள்கட்டில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் பெரியம்மாவோ எல்லார் பெயரையும் தலை நிமிராமல் சொல்வார். யார் கழுத்து அட்டிகை யாரிடம் வாங்கிப் போட்டது, அன்று காலை யார் அழுதுவிட்டு வந்து நின்றது என்பது வரை அவருக்குத் தெரியும். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியம்மா இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். சட்டத்தைக் கழற்றி, படத்தின் பின்புறம் பெயர்களை எழுதிவிடுங்கள். பென்சிலால், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.