மாமல்லபுரத்துக்கு வழி போடுவோர் கவனத்துக்கு

தாம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் மாமல்லபுரம் போய்வர எண்ணுகிறீர்களா? எந்த வரைபடச் செயலி நல்லது என்று ஊரைக் கேட்காதீர்கள். காரில் எத்தனை பெரியவர்கள் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். செயலிகள் எல்லாமே, நீங்கள் சீக்கிரம் போய்ச் சேர ஆசைப்படுவதாக நம்புபவை. பெரியப்பாவுக்குச் சுங்கம் கட்டக் கூடாது. அத்தைக்குத் திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் படகு. சீக்கிரம் போகவேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சிறு குடும்பத்துக்குக் கூகுள் மேப்ஸ் போதும். போனில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம், அங்கிருந்து கொஞ்சம் வடக்கே முட்டுக்காடு, திரும்பவும் தெற்கே ஈ.சி.ஆர். பிடித்து மாமல்லபுரம் என்று போடுங்கள். கேளம்பாக்கத்திலிருந்து நேராகத் திருப்போரூர், பூஞ்சேரி என்று போகாமல் இப்படி வடக்கே ஏறி இறங்குவது எதற்கு என்று செயலிக்குப் புரியாது. புரியவைக்க முயலாதீர்கள். உத்தண்டி சுங்கச்சாவடி முட்டுக்காட்டுக்கும் வடக்கே நின்றுவிடுவதால் இந்த வழியில் பெரியப்பாவும் சிரித்த முகமாக வருவார்.

அவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஓ.எம்.ஆரில் நாவலூர் சுங்கச்சாவடி வசூல் 2023 அக்டோபரோடு நின்றுபோயிற்று. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அதைத் தவிர்க்க அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் சந்துகள்தான் அவர் வாழ்நாள் சம்பாத்தியம். செயலியில் ‘சுங்கச்சாலை வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். சுற்றியதில் பெட்ரோல் எவ்வளவு போனது என்ற கணக்கை எந்தச் செயலி காட்டினாலும் அந்தத் திரையை அணைத்துவிடுங்கள்.

கணினியில் உட்கார்ந்து வழி போடுபவர்கள் தனி இனம். கூகுளின் நீலக் கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்து, வேண்டிய சாலையில் விடலாம். இழுக்கிற நேரத்தில் மனிதனுக்கு ஒரு சர்வேயர் மிடுக்கு வந்துவிடும். ஆனால் அந்த வளைவு போனுக்கு அப்படியே வந்து சேரும் என்று நம்பக் கூடாது. போன் தன் புத்தியில் மறுபடி கணக்குப் போடும். கூகுள் மை மேப்ஸில் வண்ண வண்ணமாகக் கோடு போடலாம், பத்து அடுக்குகள் வரை அடுக்கலாம். போகும்போது மட்டும் அது வாய் திறந்து ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லாது. திட்டம் போடுவதில் இன்பம் கண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

அசல் சர்வேயர் மிடுக்கு வேறு. 1802 ஏப்ரலில் சர்வேயர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே, அந்நாளைய செங்கல்பட்டுச் சீமையில், 100 அடிச் சங்கிலியைப் போட்டுப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவைக்கு அதுதான் ஆரம்பம். அவ்வளவு தூரத்திலும் ‘மறுவழி கணக்கிடப்படுகிறது’ என்று ஒருவரும் அவர் காதில் ஓதவில்லை. கொடுத்துவைத்தவர்.

உள்நாட்டுச் சரக்குதான் வேண்டும் என்பவர்களுக்கு மேப்பிள்ஸ் உண்டு. வீட்டு வாசலுக்கே ஆறெழுத்துக் குறியீடு தரும், வேகத்தடையை முன்கூட்டிச் சொல்லும். பின்சீட்டில் இடுப்புவலிக்காரர் இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைவது. அதை வைத்து ஓடும் ஆஸ்மாண்ட் செயலியில் தமிழ்நாட்டு வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நீங்கள் போட்ட கோட்டை ஜி.பி.எக்ஸ். கோப்பாகக் கொடுத்தால் அந்தக் கோட்டிலேயே கூட்டிப்போகும், தன் புத்தியை நுழைக்காது. ஓர் ஆபத்து மட்டும்: விடுபட்ட சந்தை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் சேர்க்கலாம் என்பது மச்சானுக்குத் தெரிந்துவிட்டால், கார் ஒவ்வொரு டீக்கடையிலும் நிற்கும்.

எதை எடுத்தாலும் வண்டி வகையைப் பாருங்கள். இருசக்கர வாகனத்துக்கான வழியைக் காருக்குப் போட்டுவிட்டால், ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏதாவது ஒரு கரையில் எதிரே டிராக்டர் வரும்.

திரும்பும் வழிக்கு வருவோம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 15 கிலோமீட்டர். அரை மணி நேரம் என்று செயலி சொல்லும், அது சரியும்கூட. மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள் என்பதோ, மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதோ, அத்தை ஒவ்வொரு மண்டபத்திலும் உட்காருவார் என்பதோ அதன் கணக்கில் இல்லை. அதை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும், தாராளமாகக் கூட்டுங்கள். அங்கிருந்து செங்கல்பட்டு போய் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் பரனூரில் சுங்கம். பெரியப்பா விழித்திருந்தால் திருப்போரூர் சாலைப் பக்கம் திருப்புங்கள். தூங்கிவிட்டால் பரனூரே மேல், ஃபாஸ்டாக் சத்தம் போடாது.

கடைசியாக, வழியைச் சேமிக்கும்போது கோப்புக்கு ‘மாமல்லபுரம் இறுதி’ என்று பெயர் வைக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி நாத்தனார் போன் செய்து, நாங்களும் வருகிறோம், பிள்ளைகளுக்கு சதுரங்கப்பட்டினம் கோட்டையையும் காட்டிவிடலாமே என்பார்.