விலையும் ஓட்டும்

மேற்கு மாம்பலம் ஆரிய கௌடா சாலையில் காபி ஆறுவதற்குள் உலக அரசியலை முடித்துவிடுவார்கள். டிவி அரசியல் நோக்கருக்கு ஒரு மணி நேரம் வேண்டும், விளம்பரம் உட்பட. தேர்தல் கணக்கென்றால் மட்டும் அவருக்கும் அவசரம்தான். 2019 பிப்ரவரி 14, புல்வாமா தாக்குதலில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தார்கள். அஞ்சலி முடியுமுன்பே டிவி நோக்கர்கள் தொகுதிக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். அந்த வேகம் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பெட்ரோல் விலை என்றால் போதும், கச்சா எண்ணெய், டாலர், ஹோர்முஸ் நீரிணை என்று பூகோள வகுப்பு ஆரம்பம்; தேர்தல் கணக்கு மட்டும் வராது. 2021-இல் பிப்ரவரிக் கடைசிக்குப் பிறகு விலை ஏறவே இல்லை. மே 2 சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணினார்கள். மே 4 ஏறியது. 2024 மார்ச் 15 இரண்டு ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு. ஹோர்முஸுக்கும் நம் பஞ்சாங்கம் தெரியும்போல!

நீங்கள் எதற்கும் ஓட்டு எண்ணும் நாளன்றே டேங்கை நிரப்பிவிடுங்கள்.