மொய் நூத்தியொண்ணு

ஏலே பேராண்டி, இங்க வந்து உக்காரு. தோப்பு பூராவும் டப்பாவக் கட்டித் தொங்கவிட்டு, மண்ணோட ஈரம் கம்பியில்லாமலே வீட்டுக்கு வருதுன்னு சொல்லிட்டுத் திரியுதியே, ரொம்பச் சந்தோசம். நாங்க ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பாப்போம். அதுக்குப் பேட்டரி மாத்த வேண்டாம். கிடக்கட்டும், நீ படிச்ச பிள்ளை.

“ஒரே சேனல்ல எல்லா டப்பாவும் கத்தி முட்டிக்கிடுது தாத்தா, அதான் 16 சேனலையும் தொறந்துவிட்டேன்”னு நெஞ்ச நிமித்துத. நிமித்து. 802.15.4-ங்கிற ரேடியோ விதிக் கணக்குப்படி 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 11-ல இருந்து 26 வரைக்கும் 16 சேனல் உண்டு, நான் இல்லேங்கல. ஆனா டப்பாவுக்கு ரேடியோ எத்தனை? ஒண்ணுதானலே! ஒரு நேரத்துல ஒரு சேனல்லதான் காது வைக்கும். இவன் 14-ல கூப்பிடுவான், அவன் 22-ல காத்துக்கிட்டுக் கிடப்பான். முட்டாது, வாஸ்தவம். பேச்சும் நடக்காது. கூடிப் பேசி முடிவெடுக்கன்னு ஒரு பொதுச் சேனல் ஒதுக்கினாலோ, கூட்டம் கூடக்கூட நெரிசல் பூராவும் அங்க வந்து நிக்கும்.

எந்நேரமும் முழிச்சுக் கேட்டுட்டே இருக்கலாமேங்க. அங்கதான் வயித்துல அடிக்கான். பழைய சிசி2420 ரேடியோ சில்லு இருக்கே, அது முழுச் சத்தமாப் பேச 17.4 மில்லிஆம்பியர் தின்னுது, சும்மா கேக்க 18.8. பேசுறதவிடக் கேக்கத்தான் செலவு ஜாஸ்தி! இத்தனை வருசமா உங்க ஆச்சி பேச நான் கேட்டு ஓடாத் தேஞ்ச காரணம் இப்பத்தான் விளங்குது.

பெர்க்லியில ஸ்மார்ட் டஸ்ட்னு ஆரம்பிச்சாரே கிறிஸ் பிஸ்டர், அவரு தொடங்கின டஸ்ட் நெட்வொர்க்ஸ்காரங்க இதுக்கு ஒரு வழி பண்ணாங்க. அதே வழிதான் 2007-ல வயர்லெஸ்ஹார்ட்-ங்கிற விதிமுறைக்குள்ள போயி, 2012-ல 802.15.4இ-ங்கிற திருத்தத்துலயும் ஏறிச்சு. நேரத்தைத் துண்டு போடு, துண்டு ஒண்ணு 10 மில்லிசெகண்ட். அதுக்குள்ள ஒரு பொட்டலமும் போகணும், “வந்துட்டு”ன்னு பதிலும் திரும்பணும். எந்தத் துண்டுல யாரு யாரோட பேசணும்னு முன்கூட்டியே எழுதியிருக்கும். அந்தப் பட்டியல் முடிஞ்சா ஒரு சுத்து; திரும்ப மொதல்ல இருந்து ஓடும், துண்டோட எண்ணு மட்டும் ஏறிக்கிட்டே போகும். மத்தவன் தூங்கலாம். சேனல் எப்படித் தெரியும்? துண்டோட வரிசை எண்ணுல உனக்குக் குடுத்த தள்ளுத்தொகையக் கூட்டி, 16-ஆல வகு. மீதி எதுவோ, சேனல் வரிசையில அந்த இடத்துல இருக்கதுதான் உன் சேனல். ஒவ்வொரு சுத்துக்கும் தாவிக்கிட்டே இருக்கும். ஒரு சேனல்ல இரைச்சலாயிருந்து பொட்டலம் விழுந்தாலும் அடுத்த தடவை வேறொண்ணுல போயிச் சேந்துரும்.

இதுக்கெல்லாம் கடிகாரம் ஒத்துப் போகணும். பத்து லட்சத்துல 40 பங்கு பிசகுற படிகம்னா 25 செகண்டுல ஒரு மில்லிசெகண்ட் தள்ளிப் போயிரும். அதனால பக்கத்து டப்பா பேசும்போதெல்லாம் நேரத்தைத் திருத்திக்கிடணும். அதை நீ எழுதிட்ட, பாத்தேன்.

ஆனா ஒரு சுத்துக்கு 100 துண்டுன்னு வச்சிருக்கியே, எந்தக் காலேஜுலலே சொல்லிக் குடுத்தாங்க? நூறை 16-ஆல வகுத்தா மீதி 4. சேனலை வரிசையாத் தாவவிட்டா நாலு நாலாத்தான் தாண்டும். ஒரு ஜோடி டப்பாவுக்கு 16-ல நாலே நாலு சேனல்தான் வாய்க்கும். ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு வைஃபை 1, 6, 11-ல ஓடுது. ஒவ்வொண்ணும் உன் சேனல்ல நாலை முழுங்கும். தப்புறது 15, 20, 25, 26 மட்டும். நீ எங்க ஆரம்பிச்சாலும் அந்த நாலுல மூணு வைஃபை வாயில விழும். வேணும்னா எழுதிப் பாரு.

கல்யாண வீட்டுல நூறு ரூவா மொய் எழுதினா ஒரு மாதிரியாப் பாப்பாங்களே, அப்படித்தான் இதுவும். நூத்தியொண்ணுன்னு வையி. மீதி 5 வரும், 16 சுத்துல 16 சேனலையும் மிதிச்சிட்டு வந்துரும். என்ன முழிக்க? லேப்டாப்பை எடு, நான் இருக்கும்போதே மாத்து.