திருத்தல் மாஸ்டர்

கனகராயன்குளம் சந்தியில், புளியங்குளம் பக்கமிருந்து வந்து இறங்கினாலும் மாங்குளம் பக்கமிருந்து வந்து இறங்கினாலும், தேத்தண்ணிக் கடை வாங்கில் மாஸ்டர் இருப்பார். பெயர் வேண்டாம், இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய சிவப்புப் பேனைதான் இன்னும் பென்சன் எடுக்கவில்லை.

குளத்தைப் பற்றி வெண்பாவில் ஒரு காவியம் எழுதுகிறார். ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006இல் பூட்டுப்பட்டது, யுத்தம் முடிந்தபின் திரும்பவும் திறந்தது. காவியம் காப்புச் செய்யுளிலேயே நிற்கிறது.

“புத்தகம் எப்ப மாஸ்டர்?”

“ஒரு சீர் இடிக்குதடா தம்பி.”

குளம் நிரம்பினால் வான் பாயும். மாஸ்டரோ நிரம்ப நிரம்ப அணைக்கட்டை உயர்த்துவார். கீழே வயல்கள் காய்ந்து கிடக்கும்.

அவசரப்படுத்தினால் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைச் சாட்சிக்கு இழுப்பார். “செல்லரிச்ச ஏடுகளோட அந்த மனுசன் எவ்வளவு பாடுபட்டவர் தெரியுமோ?”

கடைக்காரர் அவரிடம் படித்தவர். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “பாடுபட்டுப்போட்டு அச்சில விட்டவரெல்லோ? 1881இல வீரசோழியம், 1885இல தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல கலித்தொகை. நீங்கள் படிப்பிச்சதுதானே! குறையில்லாத ஏடு வரட்டும் எண்டு இருந்திருந்தால், கலித்தொகையைக் கறையான்தான் படிச்சு முடிச்சிருக்கும்.”

மாஸ்டர் அச்சில் கண்டதெல்லாம் கல்வெட்டுகள்தான். செத்தவருக்கு 31ஆம் நாள் வெளியிடும் நினைவுப் புத்தகத்துக்கு இரங்கற்பா எழுத ஊரில் வேறு ஆளில்லை. போனமுறை செத்தவரின் மகன் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே வாசலில் நின்றார்.

“இன்னும் ஒருக்காப் பாக்கவேணும் தம்பி.”

“நாள் நெருங்குது மாஸ்டர். அப்பாவை ஒரு கிழமை பிந்திச் சாகச் சொல்லேலாது.”

தாள் கைமாறி, வவுனியா அச்சகத்துக்குப் போய்விட்டது.

31ஆம் நாள் பேரன் எழுந்து வாசித்தான். நாலாவது வெண்பாவில் தளை தட்டுவது மாஸ்டருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றால் கல்வெட்டுக்கு அடுத்த பதிப்பு கிடையாது. எவரும் ஒருமுறைதானே சாகிறார்கள். அவர் கை பையிலிருந்த சிவப்புப் பேனையைத் தேடியது.

“அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கா வாசி மோனை,” என்றார் செத்தவரின் மனைவி.

அந்தக் கிழவி கூப்பிட்ட மோனை வேறு. மாஸ்டர் ஆயுள் முழுக்கத் தேடிய மோனை வேறு. பேரன் திரும்ப வாசித்தான். தளை திரும்பவும் தட்டியது. கிழவி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மாஸ்டர் பேனையை எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வெற்றிலைத் தட்டை இழுத்து, பேனையின் பின்பக்கத்தால் சுண்ணாம்பு தொட்டுக்கொண்டார்.